பன்னிரண்டு மில்லிமீட்டர்

மறுபடியும் நின்றுவிட்டது.
தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில்,
அதே தவளை மேல்.

தவளை என்றுதான் அதற்குப் பெயர்:
உள் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் மூக்கு.
நான் வாங்கிய மலிவுச் சரக்கில் அது பிளாஸ்டிக்.
இந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறது,
அந்தப் பக்கமும் இருக்கிறது,
நடுவில் பன்னிரண்டு மில்லிமீட்டர்
யார் பட்டாவிலும் இல்லாத நிலம்.

நீள இன்ஜின்களுக்குக் கவலையில்லை.
முன்கால் வறண்ட இடத்தில் இருக்கும்போது
பின்கால்கள் எங்கோ குடித்துக்கொண்டிருக்கும்.
என்னுடையதற்கு நாலே சக்கரம்.
யார்டில் வேகன் தள்ளும் குட்டி ஷண்டர்,
செம்பழுப்பு உடம்பு, மூக்கில் மஞ்சள் மீசை.
விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போகும்.
தட்டித் தட்டி ஓட்டுவதற்கு
எருமை போதுமே.

என் உத்தியோகத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.
டர்பன் மாநகராட்சி, மின்தடைப் புகார்,
மூன்றாம் வரிசை, ஜன்னல் இல்லாத மேசை.
"எதிர்த் தெருவில் எரிகிறது,
எங்கள் தெருவில் மட்டும் ஏன் இல்லை?"
"எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்" என்பேன்,
தொண்டை கட்டும்வரை.
சாயங்காலம் சாட்ஸ்வொர்த் திரும்பி,
கார் இல்லாத கராஜில்,
பழைய கதவு ஒன்றின் மேல் நான் கட்டிய ஊரில்
அதே புகார்.
குறித்துக்கொள்ளச் சொல்ல ஆளில்லை.

முதலில் அழுக்கு என்று நினைத்தேன்.
ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தேன்.
துணி கறுத்தது,
இன்ஜின் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
கன்னத்தைப் பலகையில் வைத்துப் பார்த்தேன்.
ஒரு மூலை பள்ளம்.
மூன்று சக்கரம்தான் ஊன்றுகிறது,
நாலாவது, விளக்குக் கம்பத்தருகே நாய் தூக்கிய கால்.
துனீ ஆட்டத்தில் கைக்கே வராத
இஸ்பேடு மூன்றை எடுத்துக் கத்தரித்து
கட்டைகளுக்கு அடியில் செருகினேன்.
ஜாக்கியும் ஒன்பதும் மேசையை ஆளட்டும்,
இங்கே மூன்றுதான் துருப்பு.

பத்துக்கு ஏழு தடவை தாண்டியது.
அலுவலகத்தில் பத்துக்கு ஏழு என்றால்
பாராட்டுக் கடிதம் வரும்.
எனக்குத் தூக்கம் வரவில்லை.

ங்கன்யிசோ, பழுதுவண்டியில் போகிறவன்,
கேன்டீன் வரிசையில் கேட்டுவிட்டுச் சொன்னான்:
"ரோட்டைத் திட்டினது போதும்,
அதுக்குச் சாப்பாடு கட்டிக் குடு."
மறுநாள் ஒரு காகிதப் பொட்டலம்.
மிளகு மாதிரி ஐந்து கெபாசிட்டர்.

கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு என்பார்கள்.
எனக்கு நாள் வேண்டாம், ஒரு நொடி போதும்.
சிப்பின் நீல ஒயரில் பற்றவைத்தேன்,
கட்டைவிரலையும் கொஞ்சம்.
டிரைவர் உட்காரும் இடம் முழுக்க இப்போது சோற்று மூட்டை;
டிரைவரை வெளியே,
தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிறுத்தினேன்.

செவ்வாய் இரவு எட்டுக்கு எங்கள் பகுதிக்கு லோட்ஷெடிங்.
ஊருக்கே அட்டவணை ஒப்பிக்கிறவள்,
என் வீட்டை மறந்தேன்.
இன்ஜின் தவளையை நெருங்கும்போது
பொட்டென்று
கராஜ், தெரு, மேட்டுப் பிளாட்டுகள், எல்லாம்.

ஒன்று மட்டும் அணையவில்லை.
கடுகளவு விளக்கு ஒன்று
இருட்டில் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
மூக்கின் மேல் ஏறியது.
நடுங்கவில்லை.
இறங்கி, இன்னும் ஒரு சாண்,
டிரைவரைத் தாண்டி, இன்னும் நாலு விரல்,
இப்போது இரும்பும் செத்திருந்தது, பிளாஸ்டிக்கும் செத்திருந்தது,
அதற்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.
பிறகு மங்கி,
மெதுவாக
நின்றது.

மதிலுக்கு அந்தப் பக்கம் படையாச்சி வீட்டம்மா குரல்:
"மோகாம்பா, எப்ப வரும்?"

"தாண்டிடுச்சு" என்றேன்.

"என்னது?"

விளக்கிச் சொல்ல
முழுசாக இரண்டு மணி நேரம் இருந்தது.